பெயர் கெட்ட பாக்ஸ்டரா, பெயர் பெற்ற எஸ்2000-ஆ? எதை நம்பி வாங்குவது?

ஞாயிறுஓட்டி:

வணக்கம். இத்தனை நாள் படித்துக்கொண்டு மட்டும் இருந்தவன், முதல் தடவையாக ஒரு கேள்வியோடு வந்திருக்கிறேன்.

கூரை மடியும் இரண்டு ஸ்போர்ட்ஸ் கார்கள் கண்ணிலேயே நிற்கின்றன. இரண்டும் ஏறக்குறைய ஒரே விலைதான், அதனால் விலைப் பேச்சை விட்டுவிடலாம்.

முதலாவது 2003 போர்ஷே பாக்ஸ்டர் எஸ். 986 மாடல், 3.2 லிட்டர், ஆறு கியர் மேனுவல். 1,10,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. இப்போது வைத்திருப்பவர் இரண்டாவது ஓனர், ரொம்ப வருடமாக அவரிடமே இருக்கிறது. தலையணை கனத்துக்கு ஒரு ஃபைல் காட்டினார். வைப்பர் ரப்பர் வாங்கிய பில் கூட அதில் இருக்கிறது. பெயின்டில் அங்கங்கே கல் பட்ட தழும்பு. டிரைவர் சீட்டின் ஓரத்தில் தோல் தேய்ந்திருக்கிறது.

இரண்டாவது 2006 ஹோண்டா எஸ்2000, 2 லிட்டர். வெறும் 48,000 கிலோமீட்டர்தான். விற்பவர் நான்காவது ஓனர், அவர் கைக்கு வந்து ஒரு வருடம் கூட ஆகவில்லை. நடுவில் சில வருடங்களுக்கு பில்லே இல்லை. ஸ்பிரிங் மாற்றி வண்டியைத் தாழ்த்தியிருக்கிறார்கள். பழைய ஸ்பிரிங் எங்கே என்று கேட்டால் பதில் இல்லை. ஆனால் பார்க்க அப்படி ஒரு பளபளப்பு.

எங்கே தேடினாலும் ஒரே பாட்டுதான்: ஹோண்டா இன்ஜின் சாகாது, அந்தக் காலத்து போர்ஷே இன்ஜினில் ஐஎம்எஸ் என்ற நடுத்தண்டைத் தாங்கும் பேரிங் எப்போது வேண்டுமானாலும் போகும். கேட்டால் ஹோண்டாதான் என்று தோன்றுகிறது. அந்த ஃபைலை நினைத்தால் மனசு பாக்ஸ்டர் பக்கம் போகிறது. இந்த ஆபத்துகளை நீங்களெல்லாம் எப்படி எடை போடுகிறீர்கள்?

வேலைக்குப் போக வேறு கார் இருக்கிறது, இது வார இறுதிக்கு மட்டும். ஆயில் மாற்றுவேன், பிரேக் பேட் மாற்றுவேன். அதற்கு மேல் மெக்கானிக்தான். வீட்டில் இந்த மாதிரி விஷயத்துக்கு ஒரு தடவைதான் சம்மதம் கிடைக்கும், அதையும் கணக்கில் வைத்துச் சொல்லுங்கள்.

ரெட்லைன்9000:

இதில் யோசிக்க என்ன இருக்கிறது நண்பா? 2 லிட்டர், டர்போ இல்லை, நிமிடத்துக்கு 9,000 சுற்று, ஹோண்டா. முடிந்தது கதை. ஐஎம்எஸ் போனால் இன்ஜினே போச்சு, அப்புறம் அந்த ஃபைலைத்தான் ஓட்ட வேண்டும். பில் இல்லாவிட்டால் என்ன, வாங்கியதும் எல்லா ஆயிலையும் மாற்றிவிட்டு ஓட்டுங்கள்.

லிஃப்டுக்கடியில்:

வாங்குவதற்கு முன் காரைப் பார்த்துச் சொல்வதுதான் என் பிழைப்பு. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ரெட்லைன் சொல்வதில் பாதி சரி. எஸ்2000 இன்ஜின் அருமையான இன்ஜின். ஆனால் மாடலுக்கு நல்ல பெயர் இருந்தால் அந்தப் பெயரில் மோசமான வண்டியும் குளிர் காயும். நல்ல பெயர் வருவது முதல் ஓனர் ஷோரூமில் சர்வீஸ் விட்ட காலத்துக் கணக்கில். நான்கு பேர் கை மாறிய பிறகு அந்தக் கணக்கு எவ்வளவு தூரம் செல்லும் என்று யோசித்துப் பாருங்கள், தம்பி.

எந்த மாடலாக இருந்தாலும், அதற்கென்று பேர் போன பழுது எது என்று தெரிந்ததும் நான் கேட்பது இரண்டுதான். போவதற்கு முன் ஏதாவது சொல்லிவிட்டுப் போகுமா? போகும்போது எதைக் கூட்டிக்கொண்டு போகும்? சொல்லிவிட்டுப் போகும் பழுது எவ்வளவு செலவு வைத்தாலும் எனக்கு பயமில்லை. சொல்லாமல் கொள்ளாமல் போய், இன்ஜினையும் கூட்டிக்கொண்டு போகும் பழுதுக்குத்தான் தூக்கம் கெடுகிறது.

உதாரணத்துக்கு, பிஎம்டபிள்யூ எம்3-யில் இ46 தலைமுறையை எடுங்கள். பின் சக்கர அமைப்பைத் தாங்கும் சட்டமான பின் சப்ஃபிரேம் பொருந்தும் இடத்தில் தரைத் தகடு விரிசல் விடும் என்பது ஊரறிந்தது. சரி செய்ய வெல்டிங், வலுத்தகடு என்று பெரிய வேலை. ஆனாலும் லிஃப்டில் ஏற்றி டார்ச் அடித்தால் பெரும்பாலும் கண்ணுக்குத் தெரிந்துவிடும், ஒரே நாளில் வண்டி நடுரோட்டில் நின்றுவிடாது. விலையில் கழித்துக்கொண்டு வாங்கலாம். அதற்கு அடுத்து வந்த வி8 எம்3-யில் பேச்சு, பிஸ்டனை கிராங்க் என்ற முக்கியச் சுழல்தண்டோடு இணைக்கும் கனெக்டிங் ராட்டின் பேரிங் பற்றி. அது பல சமயம் சத்தம் போடுவதற்குள் காரியம் முடிந்துவிடும், கிராங்க்கையும் கெடுக்கும். ஆனால் இன்ஜினை இறக்காமலே, கீழே ஆயில் தேங்கும் சம்ப்பைக் கழற்றி முன்கூட்டியே மாற்றிவிடலாம். அப்படி மாற்றிய பில் இருக்கிற வண்டியும் இல்லாத வண்டியும் ஒரே விலைக்கு நின்றால் எதை எடுப்பது என்று நான் சொல்லத் தேவையில்லை. மாஸ்டா ஆர்எக்ஸ்-8 பெயர் கெட்டுப்போன வண்டி. அமெரிக்காவில் 2004 முதல் 2008 வரையிலான மாடல்களுக்கு மாஸ்டாவே இன்ஜின் உத்தரவாதத்தை 8 வருடம், 1,00,000 மைல் என்று நீட்டிக்க வேண்டி வந்தது. ஆனால் அதில் ஒரு நல்ல குணம், பொய் சொல்லத் தெரியாது. பிஸ்டனுக்குப் பதில் முக்கோண ரோட்டர் சுழலும் ரோட்டரி இன்ஜின் அது. அதற்கென்றே இருக்கும், அழுத்தம் அளக்கும் கம்ப்ரஷன் மீட்டரை மாட்டினால் ஒரு ரோட்டருக்கு மூன்று முகம், இரண்டு ரோட்டருக்கு ஆறு எண் வந்துவிடும். ஆறும் நன்றாக, ஒன்றுக்கொன்று நெருங்கி இருந்தால் இன்ஜின் நலம், இல்லையென்றால் கும்பிடு போட்டுவிட்டு வரலாம். சூடான இன்ஜினை நிறுத்திவிட்டு உடனே ஸ்டார்ட் செய்ய அது இழுத்தடித்தால், மீட்டரே வேண்டாம்.

இப்போது உங்கள் இரண்டு வண்டிக்கு வருகிறேன்.

பாக்ஸ்டரில் ஐஎம்எஸ் என்பது கிராங்க்குக்குக் கீழே ஓடும் ஒரு நடுத்தண்டு. கிராங்க்கிலிருந்து செயினில் சுழற்சியை வாங்கி, வால்வுகளைத் திறந்து மூடும் கேம்ஷாஃப்டுக்குக் கடத்துவது அதன் வேலை. கியர்பாக்ஸ் பக்கத்து முனையில் அதைத் தாங்குவது ஒரு பால் பேரிங், இரண்டு பக்கமும் சீல் போட்டது. காலப்போக்கில் சீல் தளர்ந்து உள்ளே இருக்கும் கிரீஸை ஆயில் கழுவிவிடும், அழுக்கு ஆயில் அங்கேயே தேங்கும். குண்டு தேய்ந்து தண்டு ஆட ஆரம்பித்தால் டைமிங் தவறும், வால்வும் பிஸ்டனும் முட்டும். அதற்கு மேல் இன்ஜின் எடைக்குப் போட வேண்டியதுதான். ஆரம்ப வருடங்களில் இரட்டை வரிசைக் குண்டு இருந்தது. அதற்கப்புறம் 2005 வரை ஒற்றை வரிசை. உங்கள் 2003 அந்த ஒற்றை வரிசைக் கூட்டத்தில்தான் வருகிறது. 2001 முதல் 2005 வரையிலான வண்டிகளுக்காக அமெரிக்காவில் குழு வழக்கே நடந்து சமரசத்தில் முடிந்தது. ஒற்றை வரிசைக்கு 8 சதவீதம், இரட்டைக்கு ஒரு சதவீதம் அளவில் பழுதாகும் என்று அந்த வழக்கை ஒட்டித்தான் இரண்டு எண்கள் இன்றுவரை சுற்றுகின்றன. 2009 மாடலில் வந்த புது இன்ஜினில் அந்தத் தண்டையே எடுத்துவிட்டார்கள்.

8 சதவீதம் என்பதைக் கேட்டு பயப்படுகிறவர்களும் உண்டு, மீதி 92 ஓடுகிறதே என்று சிரிக்கிறவர்களும் உண்டு. நீங்கள் வாங்குவது ஒரு வண்டி. அதில் போனால் முழுதாகப் போகும். அதனால் சதவீதத்தை வைத்து எனக்கு ஆகவேண்டியது ஒன்றுமில்லை. அந்தப் பேரிங்கை மாற்றியிருக்கிறார்களா, எப்போது, எதை வைத்து மாற்றினார்கள் என்பதுதான் எனக்கு வேண்டும். அதைத் தொட கியர்பாக்ஸ், கிளட்ச், ஃப்ளைவீல் மூன்றையும் இறக்க வேண்டும். எனவே கிளட்ச் மாற்றிய பில்லைத் தேடுங்கள். 1,10,000 ஓடிய வண்டியில் அது இருக்க நிறைய வாய்ப்பு உண்டு. விவரம் தெரிந்த ஓனராக இருந்தால் அந்த பில்லிலேயே பேரிங்கும், கிராங்க்கின் பின் சீலும் சேர்ந்திருக்கும். கிளட்ச் மட்டும் மாற்றி பேரிங்கை விட்டிருந்தால், ஓனர் பில் சேர்ப்பதில் கெட்டி, வண்டியை அறிவதில் அவ்வளவு இல்லை என்று அர்த்தம்.

பேரிங்கைப் பிரிக்காமல் பார்க்கவும் ஒரு வழி உண்டு. இந்த இன்ஜினில் ஆயில் ஃபில்டர் உள்ளே காகிதச் சுருள், கீழேயிருந்து ஒரு கப்பைக் கழற்றினால் கைக்கு வந்துவிடும். கப்பில் இருக்கிற ஆயிலை வெள்ளைத் தட்டில் கொட்டுங்கள். காகித மடிப்புகளை ஒவ்வொன்றாக விரித்து வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். மினுமினு தூள் இருந்தால் சின்ன காந்தத்தை நீட்டுங்கள். ஒட்டினால் இரும்பு, பேரிங் சந்தேகம். ஒட்டாமல் மினுங்கினால் அலுமினியம், அப்போது சிலிண்டர் பக்கம் கவலைப்பட வேண்டும். பழுப்பு நிறத்தில் பிளாஸ்டிக் துணுக்கு வந்தால் செயின் ஓடும் பட்டை தேய்கிறது. ஒன்றுமே இல்லையென்றால் நிம்மதி, ஆனால் ஒன்று: ஆயில் போன வாரம்தான் மாற்றினேன் என்று ஓனர் சொன்னால் இந்தச் சோதனைக்கு அர்த்தமே இல்லை. "புது ஆயில் போட்டுத் தருகிறேன்" என்று யாராவது அன்பாகச் சொன்னால் வேண்டாம் என்று அதே அன்போடு சொல்லிவிடுங்கள்.

இன்னொன்று, இந்த போர்ஷேக்களின் இன்ஜின் கம்ப்யூட்டரில் ஒரு குறிப்பேடு இருக்கிறது. இன்ஜின் மொத்தம் எத்தனை மணி நேரம் ஓடியது, எத்தனை தடவை எல்லை தாண்டிச் சுழன்றது, கடைசியாக எந்த மணியில் என்று எழுதி வைத்திருக்கும். சரியான ஸ்கேனர் இருக்கிற இடத்தில் அந்த ரிப்போர்ட்டை எடுத்துத் தரச் சொல்லுங்கள்.

இனி எஸ்2000. அதன் பெரிய எதிரி தவறான கியர்தான். மூன்றிலிருந்து நான்குக்குப் போகும்போது கை தவறி இரண்டில் விழுந்தால் சக்கரம் இன்ஜினைச் சுழற்றிவிடும். ரெவ் லிமிட்டர் பெட்ரோலைத்தான் நிறுத்தும், சக்கரத்தை நிறுத்தாது. 9,000 வரை போவதற்கென்றே செய்த இன்ஜின் அப்போது எவ்வளவுக்குப் போயிருக்கும் என்று யாருக்கும் தெரியாது. வால்வ் ஸ்பிரிங்கைப் பிடிக்கும் ரீட்டெய்னர் விரிசல் விடும். அன்றைக்கே ஒன்றும் ஆகாது. சில ஆயிரம் கிலோமீட்டர் கழித்து வால்வு உள்ளே விழும், அதற்குள் வண்டி வேறொருவர் பெயரில் இருக்கும். வால்வ் கவரைக் கழற்றினால், ரீட்டெய்னர் நடுவில் அதை வால்வோடு பூட்டும் கீப்பர் அமுங்கி இறங்கியிருக்கிறதா என்று ஓரளவு தெரியும். வெளியே நின்று பார்த்தால் எதுவும் தெரியாது.

ஆக, நான் கேட்கும் இரண்டு கேள்வியை வைத்துப் பார்த்தால் இரண்டு வண்டியும் ஒரே இடத்தில்தான் நிற்கின்றன. ஆபத்து எது என்று பாக்ஸ்டரில் காகிதமாவது சொல்லும். எஸ்2000-இல் நான்கு பேரின் வலது காலையும் கியர் கையையும் நம்ப வேண்டும்.

48,000 கிலோமீட்டர் என்பதையும் பெரிதாக எடுக்க வேண்டாம். இத்தனை வருடத்துக்கு அது வருடம் மூவாயிரம் கூட வராது. ஓடாமல் நின்ற வண்டியில் ரப்பர் காய்ந்துபோகும், சீல் கசியும், பிரேக் ஆயில் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். டயரின் பக்கச்சுவரில் நான்கு இலக்கம் இருக்கும், அதைப் படியுங்கள். 2315 என்றால் 2015-ஆம் வருடம் 23-ஆவது வாரம். பட்டன் நிறைய இருந்தாலும் பத்து வருடத்து டயர் ஈரத்தில் பிடிக்காது. இந்த மாதிரி வண்டியில் நான்கு மூலைக்கு நான்கு கம்பெனி டயர் இருந்தால் நான் பானெட்டையே திறக்க மாட்டேன். டயரில் மிச்சம் பிடித்தவர் ஆயிலில் தாராளமாக இருந்திருப்பாரா?

பளபளப்பு என்று எழுதியிருக்கிறீர்கள். பெயின்ட் கனம் அளக்கும் மீட்டரை எடுத்துப் போங்கள். எஸ்2000-இன் பானெட் அலுமினியம், அதனால் இரும்பு மட்டும் அளக்கும் மலிவு மீட்டர் உதவாது. கம்பெனி பெயின்ட் பெரும்பாலும் 100 முதல் 150 மைக்ரான் பக்கம் இருக்கும். ஒரு கதவில் மட்டும் 300 காட்டினால் மறுபடி அடித்திருக்கிறார்கள். 1,000-ஐத் தாண்டினால் அடியில் பட்டி. மறு பெயின்ட் குற்றமில்லை, ஏன் என்று கேட்டால் விற்பவர் மென்று முழுங்குவதுதான் குற்றம்.

இரண்டு வண்டிக்கும் சேர்த்து ஒரே நிபந்தனை: நீங்கள் போகும்போது இன்ஜின் ஆறியிருக்க வேண்டும். ஸ்டார்ட் செய்யும் முன் எஸ்2000-இல் உள்ளங்கையை இன்ஜின் மேல் வையுங்கள், பாக்ஸ்டரில் இன்ஜின் சீட்டுக்குப் பின்னால் மூடியிருக்கும் என்பதால் சைலன்சர் நுனியைத் தொடுங்கள். வெதுவெதுப்பாக இருந்தால் எதையோ மறைக்கத்தான் ஓட்டி வைத்திருக்கிறார் என்று எடுத்துக்கொள்வேன். எஸ்2000-இல் செயினை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர் தளர்ந்திருந்தால் குளிர்ந்த ஸ்டார்ட்டில், சைக்கிள் கம்பியில் அட்டையைச் செருகி ஓட்டினால் வருமே, அந்த டர்ர் சத்தம் வரும். அது செலவு சின்னது, பயப்பட வேண்டாம். பாக்ஸ்டரில் முதல் ஸ்டார்ட்டில் ஒரு புகை மூட்டம் வந்து நின்றுவிட்டால் சகஜம், படுத்த சிலிண்டரில் ஆயில் தேங்குவதால் வருவது. வெள்ளைப் புகை நிற்காமல் மண்டினால் இன்ஜின் காற்றிலிருந்து ஆயிலைப் பிரிக்கும் செபரேட்டரைப் பார்க்க வேண்டும்.

ஞாயிறுஓட்டி:

அண்ணா, இவ்வளவு எழுதியதற்கு நன்றி. படித்ததுமே இரண்டு பேருக்கும் போன் போட்டேன்.

பாக்ஸ்டர்காரர் ஃபைலைப் புரட்டி போட்டோ அனுப்பினார். 71,000 கிலோமீட்டரில் கிளட்ச், பின் சீல், ஐஎம்எஸ் பேரிங் மூன்றும் ஒரே பில்லில் இருக்கின்றன. பேரிங் செராமிக் குண்டு வகை என்று எழுதியிருக்கிறது. போன சர்வீஸில் எடுத்த கம்ப்யூட்டர் ரிப்போர்ட்டும் இருந்தது. அதில் மொத்தம் 2,410 மணி. ரேஞ்ச் 1-இல் 1,900. ரேஞ்ச் 2-இல் 210, கடைசியாக 388-ஆவது மணியில். இந்த 210-ஐப் பார்த்ததும் வயிற்றைக் கலக்குகிறது. 210 தடவை தப்பான கியர் போட்டிருக்கிறார்களா?

எஸ்2000 விற்பவர் நேரில் வாருங்கள், வண்டியை வார்ம் செய்து வைக்கிறேன் என்றார். ஆறியே இருக்கட்டும் என்றேன், பார்க்கலாம் என்றார். வால்வ் கவரைக் கழற்றப் பிடிவாதமாக மறுக்கிறார்.

லிஃப்டுக்கடியில்:

210 தடவை இல்லை தம்பி, எல்லை தாண்டிய அந்த ரேஞ்ச் 2 வேகத்தில் விழுந்த 210 பொறி, அதாவது ஸ்பார்க். ஆறு சிலிண்டர் இன்ஜினில் கிராங்க் ஒரு சுற்றுக்கு மூன்று முறை பொறி. கணக்குக்கு 8,000 சுற்று என்று வையுங்கள், ஒரு வினாடிக்கு 133 சுற்று, அதாவது 400 பொறி. உங்கள் 210 என்பது மொத்தமாகச் சேர்த்தால் அரை வினாடி. யாரோ ஒரு தடவை கியரைத் தவறவிட்டு, பதறி கிளட்சை மிதித்திருக்கிறார். அதுவும் 388-ஆவது மணியில். அதற்கப்புறம் இன்ஜின் 2,000 மணிக்கு மேல் ஓடிவிட்டது. உடைய வேண்டியது என்றால் எப்போதோ உடைந்திருக்கும். இதே 210 எண் 2,400-ஆவது மணியில் இருந்திருந்தால் நான் போன் எண்ணையே அழிக்கச் சொல்லியிருப்பேன்.

ரேஞ்ச் 1 என்பது முடுக்கும்போது லிமிட்டரைத் தொட்டது. 1,900 என்றால் வண்டியின் ஆயுளில் ஐந்து வினாடி சொச்சம். ஸ்போர்ட்ஸ் காருக்கு அது கூட இல்லையென்றால்தான் வியப்பு.

அந்த ரிப்போர்ட்டில் இன்னொரு நல்ல செய்தி ஒளிந்திருக்கிறது. 1,10,000 கிலோமீட்டரை 2,410 மணியால் வகுங்கள். சராசரி 45 கிலோமீட்டர் வேகம் வருகிறது. ஊருக்குள்ளும் வெளியிலும் கலந்து ஓடிய வண்டிக்கு இது பொருந்தும் எண். மீட்டரைத் திருகிக் குறைத்த வண்டியில் இந்தக் கணக்கு இடிக்கும், 60,000 கிலோமீட்டருக்கு 3,000 மணி என்று வந்து நிற்கும். அது ஒன்று வாழ்நாளெல்லாம் நெரிசலில் நின்ற வண்டி, அல்லது கை வைத்த மீட்டர். ரிப்போர்ட் பழையது என்பதால் நேரில் போகும்போது இன்னொன்று எடுக்கச் சொல்லுங்கள். போன சர்வீஸுக்கு அப்புறம் புதிதாக எதுவும் ஏறியிருக்கக் கூடாது.

பேரிங் மாற்றியாயிற்று என்று காலை நீட்டிவிடவும் வேண்டாம். மாற்றுப் பேரிங்குகளுக்கும் தயாரித்தவர்கள் ஒரு கெடு சொல்வதுண்டு. பில்லில் வகையின் பெயரைப் பார்த்து அந்தக் கெடுவை விசாரியுங்கள். 71,000-இல் போட்டது, இதுவரை 39,000 ஓடியிருக்கிறது. அடுத்த கிளட்ச் வரும்போது மறுபடி மாற்றுவது என்று இப்போதே செலவில் எழுதி வையுங்கள்.

எஸ்2000-காரர் விஷயத்தில் நியாயமாகவும் இருக்க வேண்டும். முன்பின் தெரியாத ஆள் வந்து வால்வ் கவரைக் கழற்றுகிறேன் என்றால் நானும் தயங்குவேன். அதை வைத்து அவரைச் சந்தேகிக்க மாட்டேன். இன்ஜினை ஆறவிடப் பிடி கொடுக்காமல் பேசுகிறாரே, அதில்தான் எனக்கு உடன்பாடில்லை. ஓசியில் செய்யக்கூடிய உதவி அது. போனால் வண்டியின் கம்ப்யூட்டரைப் படிக்கும் ஓபிடி ஸ்கேனர் ஒன்றை எடுத்துப் போங்கள். எரர் கோடு இல்லை என்பதோடு நிறுத்தாமல், வண்டி தன்னைத்தானே சோதிக்கும் மானிட்டர்கள் எல்லாம் 'ரெடி' காட்டுகிறதா என்று பாருங்கள். நேற்று ராத்திரி யாராவது கோடை அழித்திருந்தால் அவை 'நாட் ரெடி' என்றுதான் நிற்கும், சில நாள் ஓட்டினால்தான் சரியாகும்.

திறந்தகூரை:

நடுவில் நுழைகிறேன். நான் வைத்திருப்பதும் இதே வயசு, இதே ரகம். எந்த மாடல் என்று சொல்ல மாட்டேன், இங்கே சண்டை வரும்.

எல்லோரும் இன்ஜின் போகுமா என்றே பேசுகிறீர்கள். என் வண்டியில் இன்ஜினுக்கு ஒன்றும் ஆகவில்லை. வண்டி நின்றதெல்லாம் சில்லறைச் சாமான்களால். கூரை ஓரத்து வடிகால் துளையில் இலைச் சருகு அடைத்து, மழைத் தண்ணீர் உள்ளே இறங்கி, சீட்டுக்குக் கீழே இருந்த கன்ட்ரோல் பெட்டி நனைந்து, சாவியையே அடையாளம் தெரியாமல் போனது. அந்தப் பெட்டி வர வாரக்கணக்கில் ஆனது. வந்த பிறகு சாவியை அதோடு பழக்க இன்னும் சில நாள். செலவைவிட காத்திருப்புதான் வெறுத்துப்போனது. ஜன்னல் கண்ணாடி தூக்கும் மோட்டார், கூலன்ட் டேங்க், ஒரு சென்சார் என்று இப்படியே போகும். ஒவ்வொன்றும் தனியாகப் பார்த்தால் சின்னது. ஒரே மாதத்தில் மூன்று வந்தால் அந்த வருடமே கார் ஷெட்டில்தான்.

உங்களுக்கு வேறு கார் இருக்கிறது என்பது பெரிய பலம். அது இல்லாதவர்கள் இந்த வயசு வண்டி பக்கமே வராமல் இருப்பது நல்லது. பாக்ஸ்டரைப் பார்க்கப் போனால் கூரையைத் திறந்து, மடியும் இடத்துக்குக் கீழே விரலை விட்டு வடிகாலைத் தடவிப் பாருங்கள். தரை விரிப்பைத் தூக்கி அடியில் இருக்கும் பஞ்சை அழுத்துங்கள். ஈரம் வந்தால் ஃபைல் எவ்வளவு தடியாக இருந்தாலும் யோசியுங்கள்.

ரெட்லைன்9000:

எல்லாம் சரி, ஆனால் இப்படியெல்லாம் பார்த்தால் எந்த வண்டியும் வாங்க முடியாது. ஆசைக்குத்தானே வாங்குகிறோம். 9,000 சுற்றில் அது பாடுவதைக் கேட்டால் இந்தக் கணக்கெல்லாம் மறந்துவிடும்.

லிஃப்டுக்கடியில்:

ஆசைக்குத்தான் ரெட்லைன், அதை நான் மறுக்கவே இல்லை. நல்ல ஓனரிடம் இருந்து பில்லோடு வரும் எஸ்2000 இதே விலைக்கு வந்தால் நானே தம்பியை அந்தப் பக்கம் தள்ளுவேன். இந்த மாதிரி நல்ல ஓனர், பில் இரண்டும் ஒரே வண்டி பக்கம் நிற்கும்போது மாடலை வைத்து முடிவெடுக்காதீர்கள் என்றுதான் சொல்கிறேன்.

செலவு பற்றி ஒன்று விட்டுப்போனது. கார் பழசானால் காரின் விலைதான் இறங்கும், சாமான் விலை இறங்காது. புதிதாக வந்தபோது எந்த வகுப்பு வண்டியோ அந்த வகுப்பு விலைக்குத்தான் கிளட்சும் டேம்பரும் பிரேக் டிஸ்க்கும் வரும். கையில் இருக்கும் மொத்தத்தையும் காரில் போட்டுவிட்டு முதல் கிளட்சுக்குக் கடன் வாங்குகிறவர்கள்தான் வேறு வழியில்லாமல் மலிவு சாமான் போடுவார்கள், சர்வீஸைத் தள்ளிப்போடுவார்கள், அப்புறம் வண்டியை விற்க விளம்பரம் போடுவார்கள். அந்த விளம்பரத்தைப் பார்த்து அடுத்தவர் வருவார். என் கணக்கு, வாங்கும் விலையில் கால் பங்கையாவது தொடாமல் தனியாக வைக்க வேண்டும். அது முடியாதென்றால் ஒரு படி கீழே இறங்கி வேறு வண்டி பார்ப்பது மேல்.

பாக்ஸ்டரில் முன் பம்பரின் இரண்டு ஓரத்திலும் காற்று போகும் வாய் இருக்கும், உள்ளே ரேடியேட்டர். டார்ச் அடித்துப் பாருங்கள், சருகு மக்கி மண்ணாகியிருக்கும். ஈரம் தேங்கி ரேடியேட்டர் அரித்திருக்கும். அதைச் சுத்தம் செய்து வைத்திருக்கிற ஓனர் என்றால் மற்றதையும் ஓரளவு நம்பலாம்.

ஞாயிறுஓட்டி:

எஸ்2000-காரர் காலையில் போன் செய்தார். வேறொருவர் முன்பணம் கொடுத்துவிட்டாராம், இன்றைக்கே வந்தால் எனக்குத் தருகிறாராம். நான் வரவில்லை என்று சொல்லிவிட்டேன்.

பாக்ஸ்டரை சனிக்கிழமை லிஃப்டில் ஏற்றுகிறோம். ஃபில்டரைத் திறக்க ஓனரே சம்மதித்துவிட்டார், புது ஃபில்டரும் சீலும் நான் வாங்கி வந்தால் போதுமாம். ஆயில் எப்போது மாற்றினீர்கள் என்று கேட்டேன், 6,000 கிலோமீட்டர் ஆகிறது, பில் இருக்கிறது என்றார். கால் பங்கு விஷயத்தை வீட்டிலும் சொல்லிவிட்டேன். சம்மதம் கொஞ்சம் ஆட்டம் கண்டிருக்கிறது, சமாளித்துக்கொள்கிறேன்.

அண்ணா, நேரில் போகும்போது வேறு எதையாவது கையோடு கொண்டு போக வேண்டுமா?

லிஃப்டுக்கடியில்:

காந்தம், டார்ச், வெள்ளைத் தட்டு, கை துடைக்கப் பழைய துணி. 6,000 கிலோமீட்டர் ஓடிய ஆயில் என்றால் சோதனைக்கு ரொம்ப நல்லது, ஒரு சின்ன பாட்டிலில் கொஞ்சம் பிடித்துக்கொண்டு லேபுக்கும் அனுப்பிவிடுங்கள். ரிப்போர்ட் வர சில நாள் ஆகும், அதுவரை முன்பணம் கேட்டால் ரிப்போர்ட் சரியில்லாவிட்டால் திருப்பித் தருவதாக எழுதி வாங்கிக்கொண்டு கொடுங்கள். ஃபில்டர் மடிப்பை விரித்ததும் நல்ல வெளிச்சத்தில் போட்டோ எடுத்து இங்கே போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.